அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு... கார் நிற்க இடம் இருக்கா?

"நாங்களே சமைச்சுக்குவோம். பாத்திரம், அடுப்பு எல்லாம் இருக்குன்னு சொன்னீங்க, சந்தோஷம். கார் நிறுத்த இடம் இருக்காம்மா?"

குன்னூரில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, முதன்முதலில் போனில் பேசிய பெண்மணி கேட்ட கேள்வி இது. "ஓ, தாராளமா இருக்கே!" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால், சகோதரிகள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022 கோடை அது. புதுக் குக்கர் வாங்கினேன். மெத்தை உறைகள் தைத்தேன். மளிகை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினேன். வாசலை மட்டும் அளந்து பார்க்கவில்லை. எங்கள் கார் போக இன்னொரு கார் ஒண்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வந்தவர்களோ ஒரு காரும் ஒரு வேனுமாக வந்து இறங்கினார்கள். கார் உள்ளே போயிற்று. வேன், சந்தில் பக்கத்து வீட்டு கேட்டை ஒட்டி நின்றது.

"ராத்திரிதானே, யார் வண்டி எடுக்கப் போறாங்க?" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

இரவு இரண்டு மணிக்குக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. "மாமாவுக்கு மூச்சு வாங்குது. கேட்டை மறிச்சுக்கிட்டு வேன் நிக்குது. சீக்கிரம் எடுக்கச் சொல்லு!" என்று அழுதார்.

வேன் டிரைவர் எங்கே? அவருக்குப் படுக்க நாங்கள் இடம் தரவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கப் போய்விட்டார். சாவி அவரிடம். போனை எடுக்கவில்லை. வேன் நகராமல் எங்கள் கார்களும் சந்தைத் தாண்ட முடியாது. கடைசியில் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, விருந்தாளிகளும் என் கணவருமாக அந்தக் குளிரில் மெயின் ரோடு வரை தூக்கிப் போய் டாக்சியில் ஏற்றினார்கள். நல்லவேளை, மாமா பிழைத்து வீடு திரும்பினார். அக்கா ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான்தான் தலை குனிந்திருப்பேன்.

கோலப்பொடியால் ஒரு கட்டம்

அதன்பிறகு முதல் வேலையாக வாசலை அளந்தேன். தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று கணக்கு. அதாவது சுமார் எட்டேகால் அடிக்குப் பதினாறரை அடி. கோலப்பொடியால் அந்தக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கதவு திறக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போது அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே, "எத்தனை வண்டி, என்ன வண்டி?" என்று கேட்டுவிடுகிறேன். "ஒரு காருக்குத்தான் இடம், வேன் நுழையாது" என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாவது வண்டிக்கு, நடக்கும் தூரத்தில் ஒருவருடைய காலி வாசலை மாத வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கத் தொடங்கினார்கள். புறப்படுவதற்கு முன்பே அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளும்படி விருந்தாளிகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

சரிவில் நிற்கும் வண்டி

சமவெளிக்காரர்களுக்கு மலைச்சரிவு பழக்கமில்லை. ஹாண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. வண்டி மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர். ஆட்டோமாட்டிக் வண்டியென்றால் 'பி'. சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க இரண்டு கருங்கற்களை வாசலிலேயே வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தடுப்புச் சுவரின் ஓரத்தில், மண் கொட்டி நிரப்பிய இடத்தில் வண்டியை விடவே கூடாது, மண் சரிந்துவிடும்.

தின்பண்டம் எதையும் ராத்திரி காரில் விட்டு வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். வாசனை பிடித்துக் கரடி வரும் ஊர் இது!

குழந்தைகளை எண்ணுங்கள்

காரைப் பின்னால் எடுக்கும்போது, பின்புறம் குனிந்து பந்து எடுக்கும் குழந்தை டிரைவர் கண்ணில் படாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: வண்டி கிளம்பும்முன் எல்லாக் குழந்தைகளும் திண்ணைக்கு வர வேண்டும். ஒருவர் எண்ணிப் பார்த்து, "சரி" என்ற பிறகுதான் ரிவர்ஸ்.

டிரைவரும் விருந்தாளிதான்

ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் டிரைவர்களுக்குத் தூங்கும் இடம் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023ல் கட்டட விதியைத் திருத்தியது. எட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கை. அதே இடத்திலோ 250 மீட்டருக்குள்ளோ. எங்களுடையது ஓட்டல் இல்லை. ஆனாலும் நம் வீட்டுக்கு வந்தவர் காருக்குள் சுருண்டு கிடக்கலாமா? கண்ணாடியை ஏற்றி, இஞ்சினை ஓட விட்டுத் தூங்கினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு ஆளையே கொன்றுவிடும். விறகு போட்டிருந்த அறையைச் சுத்தம் செய்து கட்டில், இரண்டு கம்பளி, வெந்நீருக்கு ஏற்பாடு செய்தேன். வண்டிச் சாவி இரவில் வீட்டு ஆணியில் தொங்கும். அன்றைக்கு இது ஒன்று இருந்திருந்தால் போதும்!

போன மே மாதம் அக்காவே வாசலுக்கு வந்தார். "நாங்க நாலு நாள் ஊருக்குப் போறோம். உங்க விருந்தாளி வண்டி ஏதாவது வந்தா எங்க வாசல்ல விட்டுக்கோ. ஆனா சாவி உன்கிட்டே இருக்கணும், என்ன?" என்றார்.

"சரிக்கா" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.