பாப்பா பச்சைக்குள்தான் இருக்கிறாள்... ஆனால் கோடு ஏன் படுத்துவிட்டது?

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஜாடை பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு வெயிட் இருக்கா?" நாமும் கடைசியாக எடை போட்ட எண்ணைச் சொல்வோம். வந்தவர் அதைத் தன் பேத்தியின் எடையோடு மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே காபியை வாங்கிக்கொள்வார்.

அந்த எண் பாதித் தகவல்தான். மீதியைச் சொல்வது, தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் இருக்கும் வளர்ச்சி வரைபடம். பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆண் குழந்தைக்கு நீலம். கீழே படுக்கைவாட்டில் வயது, பக்கத்தில் செங்குத்தாக எடை. மாதம் ஒரு புள்ளி வைத்து, அவற்றைக் கோட்டால் இணைக்க வேண்டும். தடுப்பூசித் தேதி பார்க்க மட்டுமே அட்டையைத் திறக்கும் வீடுகள்தான் அதிகம் என்பதால், இந்தப் பக்கம் பல அட்டைகளில் வெறுமையாகவே கிடக்கிறது.

பத்தாம் வகுப்பில் 'சாய்வு' என்று ஒரு பாடம் படித்தோமே, அதுதான் இங்கே வருகிறது. கோடு மேலே எவ்வளவு ஏறியது என்பதை, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது என்பதால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. இந்த அட்டையில் அதற்கு அர்த்தம், குழந்தைக்கு மாதத்துக்கு எத்தனை கிராம் கூடுகிறது என்பது.

இரண்டு பெண் குழந்தைகளை வைத்துப் பார்ப்போம். முதல் குழந்தை 6 மாதத்தில் 7.6 கிலோ. கொழுகொழு குழந்தை, திருஷ்டிப் பொட்டு வைக்காமல் வெளியே தூக்கிப்போக மாட்டார்கள். 7, 8, 9 மாதங்களில் எடை 7.7 கிலோவிலேயே நிற்கிறது. இரண்டாவது குழந்தை 6 மாதத்தில் 5.8 கிலோ. "பால் பத்தலையா?" என்று ஊரே கேட்கும். 9 மாதத்தில் அவள் 6.6 கிலோ.

வண்ணத்தை மட்டும் பார்த்தால் இருவரும் பச்சைப் பகுதிக்குள்தான். முதல் குழந்தை நடுவில் சௌகரியமாக, இரண்டாமவள் விளிம்பில். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் குழந்தைக்கு மூன்று மாதத்தில் கூடியது 100 கிராம், அதாவது மாதத்துக்குச் சுமார் 33 கிராம். இரண்டாமவளுக்கு 800 கிராம், மாதத்துக்குச் சுமார் 270 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தின்படி, சராசரிப் பெண் குழந்தை இந்த மூன்று மாதங்களில் 7.3 கிலோவிலிருந்து 8.2 கிலோவுக்குப் போகிறாள். மாதத்துக்கு 300 கிராம்.

சின்ன உருவமாக இருந்தாலும் இரண்டாவது குழந்தை, அட்டையில் அச்சிட்ட கோட்டுக்கு இணையாக ஏறிக்கொண்டிருக்கிறாள். நாம் கவலைப்பட வேண்டியது முதல் குழந்தையைப் பற்றி. அவள் எடை 7.7 கிலோவிலேயே நின்றுவிட்டால், மஞ்சள் பகுதிக்குள் விழச் சுமார் 16, 17 மாதம் ஆகிவிடும். வண்ணம் ஏழு மாதம் கழித்துச் சொல்லப்போவதை, படுத்துவிட்ட கோடு இன்றே சொல்கிறது.

ஆறு மாதத்துக்கு மேல் கோடு படுக்க முக்கியமான காரணம் அடுக்களையில் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் போதாத வயது அது. நாமோ 'செரிக்காது' என்று பயந்து, தண்ணீராய் ஓடும் கஞ்சியைக் கொடுக்கிறோம். குழந்தையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீராலேயே நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக, பருப்பு, முட்டை, ஒரு சொட்டு நெய் அல்லது எண்ணெய் சேர்த்து, 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை, அதன் பிறகு 3, 4 வேளை தர வேண்டும். கூடவே தாய்ப்பாலும் தொடர வேண்டும். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் மற்றொரு காரணம். நோய் வந்த மாதம் கோடு இறங்கலாம். ஆனால் குணமான பிறகு வழக்கத்தைவிடச் செங்குத்தாக ஏறி, விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

போன மாதம் ஏறிய அளவு இந்த மாதமும் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சராசரிப் பெண் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் மாதம் சுமார் 870 கிராம் கூடுகிறது. ஒரு வயதை நெருங்கும்போது அதுவே சுமார் 230 கிராமாகக் குறைகிறது. அதனால்தான் அட்டையில் அச்சிட்ட கோடே வளைந்திருக்கிறது. நம் குழந்தையின் கோட்டை, அதே வயதில் அந்தக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பே. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிடும்.

ஏறுகிற கோடெல்லாம் நல்லதும் அல்ல. சாப்பாடு இறங்காத, சோர்ந்த குழந்தைக்குத் திடீரென்று எடை கூடி, இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தால் ஏறியிருப்பது சதை அல்ல, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செல்போன் ஆப்பில் எடையைக் குறித்து வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆப்களில் பக்க அளவுகோல் 7.5ல் தொடங்கி 7.8ல் முடிந்துவிடும். அதில் 100 கிராமும் மலையேற்றம் மாதிரி தெரியும். அதையே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஹார்ட் வாங்கிவிடலாம்! கண்ணுக்குத் தெரியும் செங்குத்தை நம்பாமல், எத்தனை கிராம், எத்தனை மாதத்தில் என்று எண்ணைப் பாருங்கள்.

இந்த யோசனை வந்த வழி சுவாரஸ்யமானது. 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், இமேசி என்ற ஊரில் இத்தகைய அட்டையை உருவாக்கி, அதை ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டாமல் தாயின் கையிலேயே கொடுத்தார். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1980ல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைகளையும் தேர்ந்தெடுத்து, 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். கோடு திரும்ப ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுவார்கள். குழந்தை ஒல்லியாகும்வரை காத்திருக்காமல், கோடு படுக்கும்போதே சோறு போட்ட திட்டம் அது.

எடை போடும்போது ஒரே தராசு, மெல்லிய உடை, ஈரமில்லாத டயப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எடையில் 200 கிராம் பிசகினாலும் கோடு பொய் சொல்லும். குறைமாதக் குழந்தையென்றால் எந்த வயதில் புள்ளி வைப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதங்களை விட்டுவிட்டு 6க்கும் 10க்கும் நேராகக் கோடு போட்டால், நடுவில் குழந்தை இளைத்துத் தேறியதோ, ஏறிப் பின் நின்றதோ எதுவும் அதில் தெரியாது.