சமையல் அடுப்புத் தெரிவு (திண்டுக்கல் வட்டாரம்)

சமையல் அடுப்பு என்பது உணவைச் சமைப்பதற்கு வேண்டிய வெப்பத்தைத் தரும் சாதனம் ஆகும். தமிழ்நாட்டின் திண்டுக்கல் சமவெளியிலும், நகரை அடுத்து எழும் சிறுமலையிலும் விறகடுப்பு, எரிவளி அடுப்பு, தூண்டல் அடுப்பு ஆகியன இன்றும் அருகருகே புழக்கத்தில் உள்ளன. ஒரே வீட்டில் இவற்றுள் இரண்டோ மூன்றோ இருப்பது இங்கு வியப்புக்குரியதன்று. எனவே எந்த அடுப்பு சிறந்தது என்பதைக் காட்டிலும், எந்த வேலைக்கு எந்த அடுப்பு என்பதே இவ்வட்டாரத்தில் பொருத்தமான கேள்வியாக உள்ளது. அதற்கான விடையைப் பெரும்பாலும் மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. அவை வீட்டில் உள்ள பாத்திரம், எரிபொருள் வந்து சேரும் வழி, சமையலறையில் தங்கும் புகை என்பனவாகும்.

விறகடுப்பு

மண்ணால் அல்லது செங்கல்லால் கட்டப்பட்டு, மூன்று குமிழ்களின் மேல் பாத்திரம் அமரும்படி அமைந்தது மரபான விறகடுப்பு. முதன்மை அடுப்பின் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பக்கத்துத் துளை வழியே பெறும் கொடியடுப்பு, இரண்டாம் பாத்திரத்தைச் சூடாக வைத்திருக்க உதவுகிறது. இது நம் முன்னோரின் 'இரண்டு பர்னர்' அடுப்பு எனலாம். கரியால் எரியும் குமுட்டி அடுப்பும், மரத்தூளை இறுக்கி நிரப்பி எரிக்கும் மரத்தூள் அடுப்பும் இதன் உறவினங்களாகும்.

சமவெளியில் சீமைக்கருவேல் விறகு, தென்னை மட்டை, பாளை, பன்னாடை ஆகியன எரிக்கப்படுகின்றன. மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிகளைக் கவாத்து செய்கையில் கிடைக்கும் குச்சிகளும் நிழல் மரங்களின் கிளைகளும் எரிபொருளாகின்றன. இவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் பொறுக்கவும், கட்டவும், சுமக்கவும், காய வைக்கவும் ஆகும் நேரம் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது.

மரபான விறகடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே பாத்திரத்தைச் சேர்கிறது. 30 பாகை செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 150 கிராம் உலர்ந்த விறகு தேவைப்படும். அதே வேலையைச் செய்ய நல்ல எரிவளி அடுப்பில் 10 கிராமுக்கும் குறைவான எரிவளி போதும். தூண்டல் அடுப்பில் ஏறத்தாழ 0.1 அலகு மின்சாரம் செலவாகும். ஈரவிறகு எனில் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, புகை மிகும். மழைக்காலத்தில் மலை வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகை அடுக்குவதன் காரணம் இதுவே.

விறகின் வீணடிப்பையும் புகையையும் குறைக்கும் நோக்கில், மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு 1983ஆம் ஆண்டில் தொடங்கி 2002 வரை நடத்தியது. புகைபோக்கி வைத்த அடுப்புகள் பல ஊர்களில் கட்டப்பட்டன. புகைபோக்கியில் படியும் கரியை அகற்றாவிட்டால் புகை மீண்டும் அறைக்குள்ளேயே திரும்பும். பராமரிப்பு இல்லாத இடங்களில் இவ்வடுப்புகள் நிலைக்கவில்லை.

மண்ணெண்ணெய் அடுப்பு

சுவீடனைச் சேர்ந்த பிரான்சு வில்லெம் லிண்ட்குவிசுட்டு 1892இல் உருவாக்கிய பிரைமசு அடுப்பின் வழிவந்ததே, தமிழக வீடுகளில் சீறிக்கொண்டு எரிந்த பம்பு அடுப்பு. பின்னர் 1970களில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வு மையம் உருவாக்கிய 'நூதன்' திரி அடுப்பு ஓசையின்றி எரிந்தது. பொது விநியோக மண்ணெண்ணெய் ஒதுக்கீடு 2010களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டதால் இவ்வகை அடுப்புகள் அருகிவிட்டன. புதிதாக வாங்குவோர் இதைக் கருத வேண்டிய தேவை இல்லை.

எரிவளி அடுப்பு

புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையான நீர்மமாக்கிய பெட்ரோலிய வளி, இந்திய வீடுகளுக்கு 1955இல் மும்பையில் அறிமுகமானது. 'இண்டேன்' இணைப்புகள் 1965இல் கொல்கத்தாவில் தொடங்கின. நீண்ட காலம் இது நகரத்து வசதி படைத்தோருக்கே உரியதாக இருந்தது. தமிழக அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவளி இணைப்பும் அடுப்பும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2016இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. இவ்விரண்டும் ஊர்ப்புறச் சமையலறையை மாற்றின. ஆயினும் அடுப்பு கிடைப்பது ஒன்று, அடுத்த உருளையை வாங்குவது வேறொன்று. கூலி வரும் நாளும் உருளை தீரும் நாளும் பொருந்தாத வீடுகளில் விறகடுப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது.

வீட்டு உருளையில் 14.2 கிலோ எரிவளி உள்ளது. உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ ஆகும். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை உண்டு. எனினும் சாலை நின்றுவிடும் இடத்துக்கு அப்பாலும் தோட்டங்கள் உள்ளன. வாழைத்தார் உள்ளிட்ட விளைபொருள்களைக் குதிரைகளில் ஏற்றிச் செல்லும் வழக்கம் சிறுமலைக்கு உரியது. அத்தகைய பாதையில் 30 கிலோ உருளையும் ஒரு சுமையே. இவ்வாறான வீடுகளுக்கு 5 கிலோ உருளை எடுத்துச் செல்ல எளியது.

அடுப்பை வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையைப் பார்க்க வேண்டும். வீட்டு எரிவளி அடுப்புக்கான ஐ.எசு. 4246 தரம் குறைந்தது 68 விழுக்காடு வெப்பத் திறனைக் கோருகிறது. மேசைமேல் வைக்கும் அடுப்பும், மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கும் 'ஹாப்' வகை அடுப்பும் எரியும் முறையில் ஒன்றே. பதிப்பு அடுப்பு துடைக்க எளியது, பார்வைக்கு அழகானது. ஆனால் பழுது நீக்க அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். மேடைக்கு அடியில் காற்றோட்டமும் வேண்டும். கண்ணாடி மேற்பரப்பு கனத்த பாத்திரம் தவறி விழுந்தால் உடையக்கூடும். நாள்தோறும் பெரிய அலுமினியப் பானையில் சோறு வடிக்கும் வீட்டுக்கு, துருவேறா எஃகுப் பரப்பும் அகன்ற தாங்கியும் கொண்ட எளிய இரட்டை அடுப்பே பெரும்பாலும் போதுமானது. சுடர் அணைந்தால் வளியைத் தானே நிறுத்தும் காப்பு அமைப்புக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும். பொங்கி வழியும் பாலும் கஞ்சியும் சுடரை அணைப்பது அன்றாட நிகழ்வு.

எரிவளி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே சமையலறையில் தாழ்வான காற்றுவழியும் தேவை. உருளையைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் அமைக்க வேண்டும். இரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னர் துளைகள் அடைபட்டுள்ளன என்பது பொருள்.

தூண்டல் அடுப்பு

கண்ணாடிப் பரப்பின் கீழுள்ள கம்பிச்சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாய்கையில் தோன்றும் மாறும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பாத்திரமே வெப்ப மூலமாகிறது. எனவே ஏறத்தாழ 85 விழுக்காடு ஆற்றல் உணவைச் சேர்கிறது. 2,000 வாட்டு அடுப்பில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும்.

தமிழ்ச் சமையலறையில் இதன் குறை பாத்திரத்தில் இருந்து தொடங்குகிறது. காந்தம் ஒட்டும் அடிப்பகுதி இல்லாத பாத்திரம் இதில் சூடேறாது. அலுமினிய இட்லிச் சட்டி, பித்தளைப் பொங்கல் பானை, மீன் குழம்புக்கான மண்சட்டி, ரசத்துக்கான ஈயச் சொம்பு ஆகிய அனைத்தும் இதில் விலக்கப்பட்டவை. இரும்புத் தோசைக்கல் சூடேறும். ஆயினும் பல வீட்டு அடுப்புகளில் சுருளின் குறுக்களவு 15 முதல் 20 செ.மீ. வரையே இருப்பதால், அகன்ற கல்லின் நடு கருகும்போதே விளிம்பு வெந்திருக்காது. குழிப்பணியாரக் கல்லின் அடி சமதளமாக இல்லாததால் அதுவும் சரிவரப் பொருந்துவதில்லை. வாங்கும் முன் ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துச் சமையலறைப் பாத்திரங்களைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. பாத்திரங்களையும் மாற்ற வேண்டியிருப்பின் அடுப்பின் உண்மை விலை பலமடங்காகும்.

அகச்சிவப்பு அடுப்பு எனும் மற்றொரு வகை எல்லாப் பாத்திரங்களையும் ஏற்கும். ஆனால் இதன் திறன் குறைவு. அணைத்த பின்னும் பரப்பு நெடுநேரம் சுடும்.

செலவை ஒப்பிட எளிய வழி உண்டு. 14.2 கிலோ எரிவளியில் ஏறத்தாழ 180 அலகு மின்சாரத்துக்கு இணையான வெப்பம் உள்ளது. 68 விழுக்காடு திறனில் அதில் 123 அலகு உணவைச் சேரும். அதே வெப்பத்தைத் தூண்டல் அடுப்பில் பெற ஏறத்தாழ 145 அலகு வேண்டும். ஆகவே உருளையின் விலையை 145ஆல் வகுத்தால் கிடைப்பது சமநிலை விலையாகும். எடுத்துக்காட்டாக, உருளை 870 ரூபாய் எனில் ஓர் அலகு 6 ரூபாய்க்குக் கீழ் கிடைக்கும் வரை மின்சாரம் இலாபம்.

இங்கு தமிழகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. 2016 முதல், முதல் 100 அலகுகள் இலவசம். பயன்பாடு 500 அலகுகளைத் தாண்டினால் குறைந்த கட்டண அடுக்குகளின் சலுகை சுருங்கும். எனவே 200 அலகு செலவழிக்கும் சிறு வீட்டுக்கு இலாபமாக அமையும் அதே அடுப்பு, 400 அலகு செலவழிக்கும் வீட்டுக்கு இழப்பாகலாம். சராசரி விலையைப் பார்க்காமல், கூடுதலாகச் சேரும் அலகுகளின் விலையைக் கணக்கிட வேண்டும்.

2,000 வாட்டு அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இதைச் சுவரில் உள்ள 6 ஆம்பியர்ச் சிறு செருகியில் பொருத்துவது தீ விபத்துக்கு வழிகோலும். 16 ஆம்பியர்ச் செருகியும் அதற்கேற்ற கம்பியும் நிலத்தொடுப்பும் கட்டாயம்.

உயரமும் கொதிநிலையும்

திண்டுக்கல் நகரில் நீர் ஏறத்தாழ 99 பாகையில் கொதிக்கிறது. சிறுமலையில் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள வீட்டில் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் மலையில் வேகத் தாமதமாவதன் காரணம் அடுப்பன்று, காற்றழுத்தமே. சுடரைக் கூட்டினால் நீர்தான் விரைந்து வற்றும், வெப்பநிலை உயராது. அழுத்தச் சமையற்கலன் உள்ளே ஏறத்தாழ 120 பாகையை எட்டுகிறது. மலையில் ஓரிரு பாகை மட்டுமே குறையும். மலை வீட்டுக்கு விலையுயர்ந்த அடுப்பைவிட நல்ல குக்கர் கூடுதல் பயன் தரும். இதே மலையில் விளையும் வாழைப்பழம் சேரும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இக்கவலையே இல்லை. அது அடுப்பில் ஏற்றாமல் செய்யப்படுவது.

புகையும் உடல்நலமும்

வீட்டுப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிடுகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள் இதில் இடம்பெற்றன. ஒரு பிரிவினருக்கு எரிவளி அடுப்பும் எரிவளியும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராமாகவும், விறகு போன்றவற்றை எரித்தோரிடம் 71 மைக்ரோகிராமாகவும் இருந்தது. எனினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2022இல் வெளியான முடிவு தெரிவித்தது. இதனால் புகை தீங்கற்றது என்றாகாது. கண்ணெரிச்சல், நாள்பட்ட நுரையீரல் நோய் முதலியவற்றுடன் அதன் தொடர்பு நன்கு அறியப்பட்டதே. கருக்காலத்தில் மட்டும் அடுப்பை மாற்றுவது போதாமல் போயிருக்கலாம் என்பதே அம்முடிவுக்குத் தரக்கூடிய ஒரு விளக்கம்.

விறகடுப்பைக் கைவிட இயலாத வீட்டில், வெந்நீருக்கும் மாட்டுக்கான கஞ்சிக்கும் அதை வெளியே, தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு, அறைக்குள் நடக்கும் அன்றாடச் சமையலை எரிவளிக்கு மாற்றுவது நடைமுறைக்கு உகந்தது. கரி அடுப்பைக் குளிருக்காக மூடிய அறைக்குள் வைத்தல் ஒருபோதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோர் விழித்தெழ மாட்டார்கள்.

போறணையும் நுண்ணலை அடுப்பும்

உணவை எல்லாப் பக்கமும் சூழ்ந்த வெப்பத்தில் வேகவைக்கும் மூடிய அடுப்பை இலங்கைத் தமிழர் போறணை என்பர். தமிழகத்தில் 'ஓவன்' என்ற சொல்லே பெருவழக்கு. ஆவியையும் தோசைக்கல்லையும் சார்ந்த தமிழ் வீட்டுச் சமையலில் இதற்கு இடம் இருந்ததில்லை. ரொட்டியும் பிசுக்கோத்தும் கடையில் வாங்கப்பட்டன. மின்போறணை கேக், ரொட்டி செய்வோருக்கு ஏற்றது. முன்சூடேற்றத்துக்கே 10 நிமிடம் ஆகும் என்பதால், அன்றாடம் பயன்படுத்தாதவர் வீட்டில் அது விரைவில் பாத்திரம் வைக்கும் பெட்டியாகிறது.

நுண்ணலை அடுப்பின் தத்துவத்தை அமெரிக்கரான பெர்சி இசுபென்சர் 1945இல், ரேடார்க் கருவிகளோடு பணியாற்றுகையில் கண்டறிந்தார். 2.45 கிகா ஏர்ட்சு அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பமூட்டுகின்றன. ஆறிய சோற்றையும் குழம்பையும் சூடாக்க இது சிறந்தது. மேற்பரப்பு முறுகாது என்பதால் ரொட்டி சுட உதவாது. எஃகுப் பாத்திரத்தை உள்ளே வைக்கலாகாது. தூண்டல் அடுப்புக்குத் தேவைப்படும் உலோகம் இங்கு விலக்கு. அங்கு விலக்கப்பட்ட மண்ணும் பீங்கானும் இங்கு ஏற்புடையன. இரண்டையும் ஒரே நாளில் வாங்கிய வீட்டில் முதல் வாரம் குழப்பம் நிலவும்.

போறணையின் வேலையைத் திண்டுக்கல் வேறு வழியில் செய்து வந்துள்ளது. சீரகச் சம்பா பிரியாணியை விறகடுப்பில் முக்கால் பதம் வேகவைத்து, அடியில் தணலைக் குறைத்து, மூடியின் மேல் கங்குகளைப் பரப்பித் 'தம்' போடுகின்றனர். மேலும் கீழும் வெப்பம் பெறும் அந்தத் தேக்சா அப்பொழுது ஒரு போறணையே. வீட்டு எரிவளி அடுப்பில் இதைச் செய்ய விரும்புவோர், சிறு சுடரில் கனத்த தோசைக்கல்லை வைத்து அதன்மேல் பாத்திரத்தை அமர்த்தி, மூடியின் மேல் கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றை வைக்கின்றனர். மூடியின் விளிம்பை மைதா மாவால் ஒட்டினால் ஆவி வெளியேறாது.