விளம்பரத்தின் மூன்று முகங்கள்

பழைய வார இதழ் ஒன்று கைக்குக் கிடைக்குமானால், கதைகளையும் கட்டுரைகளையும் விட அதன் விளம்பரப் பக்கங்களே நம் கண்களை முதலில் ஈர்க்கின்றன. கட்டுரைகள் அக்கால மக்கள் எதை எண்ணினர் என்பதைக் கூறும். விளம்பரங்களோ அவர்கள் எதற்காக ஏங்கினர் என்பதைக் காட்டிவிடும்.

1997 பிப்ரவரியில், சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை விளம்பரத்தைப் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. விளம்பரம் தன்னிலே தீயதன்று என்று கூறிய அவ்வேடு, அதை அளப்பதற்கு மூன்று அளவுகோல்களைத் தந்தது: உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு. அமெரிக்க இதழ்களில் புகழ்பெற்ற மூன்று பழைய விளம்பரங்களை இவ்வளவுகோல்களால் அளந்து பார்ப்போம்.

முதலாவது, 1915 ஜனவரி 2ஆம் நாள் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில் வெளிவந்த காடில்லாக் கார் விளம்பரம். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட புதிய எந்திரத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. தொடக்கத்தில் விற்ற சில வண்டிகளில் மின் இணைப்புக் கோளாறுகள் தோன்றின; போட்டியாளர்கள் அவற்றைப் பறைசாற்றினர். அப்போது தியடோர் மக்மானஸ் என்பவர் ஒரு பக்க விளம்பரம் எழுதினார். அதில் காரின் படம் இல்லை. எந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எத்துறையிலும் முதலிடத்தில் நிற்பவன் பொறாமைக்கு இலக்காவான், இறுதியில் நற்பொருளே நிலைத்து நிற்கும் என்பதே அதன் சாரம். ஒரே ஒரு முறை வெளிவந்த அதன் பிரதிகளைக் கேட்டு மக்கள் பல்லாண்டுகள் கடிதம் எழுதினர்.

அவ்விளம்பரத்தில் பொய் இல்லை. ஆயினும், வண்டியில் குறை உண்டா என்ற கேள்விக்கு அது விடையும் அளிக்கவில்லை. குறை கூறியோர் யாவரும் பொறாமைக்காரர் என்ற எண்ணத்தை மட்டும் வாசகர் உள்ளத்தில் விதைத்துச் சென்றது. பொய் சொல்லாதிருப்பது மட்டுமே உண்மை பேசுவதாகிவிடுமா?

இரண்டாவது, 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போதும் அக்காரில் கேட்கும் பேரொலி அதன் மின்கடிகாரத்தின் ஒலியே என்பது அதன் தலைப்பு. மூன்று வாரங்கள் அக்காரைப் பற்றிய செய்திகளைப் படித்த பின்னரே அவர் எழுதத் தொடங்கினாராம். அடிப்பூச்சு ஐந்து முறை, மேற்பூச்சு ஒன்பது முறை என்றவாறு செய்திகள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. உண்மை என்னும் அளவுகோலுக்கு இவ்விளம்பரம் பெரிதும் ஈடுகொடுக்கின்றது. ஆனால் அக்காரின் விலை 13,995 டாலர்! அவ்வாண்டில் நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருமானமோ சுமார் 5,100 டாலரே. வாங்க இயலாத பல்லாயிரவர் அதைப் படித்தனர். மெய்யான செய்தியும்கூட, தன் வீட்டில் உள்ளதைக் கண்டு மனநிறைவு கொள்ளும் பண்பைக் குலைத்துவிடக் கூடும். இங்கேதான் சமூகப் பொறுப்பு என்னும் அளவுகோல் தேவைப்படுகின்றது.

மூன்றாவது, விமானப் பயண விளம்பரம். 1971இல் அமெரிக்காவின் நேஷனல் ஏர்லைன்ஸ் நிறுவனம், புன்னகை புரியும் பணிப்பெண்ணின் படத்தைப் போட்டு, அவளே தன் பெயரைச் சொல்லி, “என்னில் பறந்து செல்லுங்கள்” என்று பயணிகளை அழைப்பதாக விளம்பரம் செய்தது. விமானங்களின் மூக்கிலும் அப்பெண்களின் பெயர்கள் தீட்டப்பட்டன. அதன் இரட்டைப் பொருள் எவருக்கும் விளங்காமல் இல்லை. பெண்கள் அமைப்புகள் வெகுண்டெழுந்தன, பணிப்பெண்களும் எதிர்த்தனர்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், பணிப்பெண்கள் 32 வயதில் வேலையிலிருந்து விலக வேண்டும் என விதித்தது. திருமணமானால் வேலை இழக்கும் நிலையும் பல நிறுவனங்களில் இருந்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திற்குப் பின் அப்பெண்கள் நீண்ட காலம் வழக்காடியே இவ்விதிகளை அகற்றினர். விபத்து நேருமாயின் பயணிகளை வெளியேற்றிக் காக்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அவர்களை விற்பனைப் பொருளாகக் காட்டியது மனித மாண்புக்கு இழைத்த அநீதியன்றோ?

முதல் விளம்பரத்தை எழுதிய மக்மானஸ் ஒரு கத்தோலிக்கர். மறைந்த தம் பிள்ளைகளின் நினைவாக, டெட்ராய்ட் நகருக்கு அருகே புனித ஹூகோ ஆலயத்தை எழுப்பித் தந்தவர். விளம்பரத்தால் பெரும் பொருள் ஈட்டிய அவரே, 1928 மே மாதம் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் தம் துறையைக் கடிந்து ஒரு கட்டுரை எழுதினார். மக்களை அறிவிலிகளாக எண்ணிப் பேசும் நிலைக்கு விளம்பரம் தாழ்ந்துவிட்டது என்பதே அவர் ஆதங்கம். உள்ளிருந்து எழுந்த அக்குரலுக்குத் தனி மதிப்பு உண்டு.

பெற்றோரே, இதழின் பக்கம் இன்று கைப்பேசித் திரையாக மாறியிருக்கின்றது. விளம்பரத்தின் முகங்களோ அவையேதான். நம் பிள்ளைகள் ஒரு பொருளைக் காட்டி “அது வேண்டும்” என்று கேட்கும்போது, உடனே வாங்கித் தரவும் வேண்டாம், உடனே கடிந்து மறுக்கவும் வேண்டாம். அருகில் அமர்த்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்விளம்பரம் எதைச் சொல்லாமல் மறைக்கின்றது? இதில் யாரேனும் பண்டமாக்கப்பட்டிருக்கின்றாரா? இதைப் பார்ப்பதற்கு முன் இப்பொருள் நமக்குத் தேவைப்பட்டதா?

மூன்றாம் கேள்விக்கு விடை தேடும் வேளையில், பிள்ளைகளோடு நாமும் சற்றுத் தலைகுனிய நேரலாம். அது நன்றே. அவ்வில்லத்தில் அன்று ஒரு நல்ல பாடம் தொடங்கியிருக்கும்.