65,535 வாசல் உள்ள வீடு

2016 ஆகஸ்ட் கடைசியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தைத் திறந்தவர்கள் அங்கே ஒரு கோரிக்கை மடலைக் கண்டார்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் வைக்காதீர்கள் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. தளத்தைச் சீர்செய்தார்கள், மறுநாளே மீண்டும் புகுந்துவிட்டார்கள். விசாரணை போய் நின்ற இடங்களில் ஒன்று, கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் வரும் கடுகண்ணாவ. அங்கே கைதானவர் 17 வயது மாணவர்!

ஜனாதிபதியின் தளத்துக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுக் கணினி எம்மாத்திரம் என்று தோன்றும். உண்மை வேறு. ஊரெல்லாம் வந்து பார்ப்பதற்காக வைத்த தளத்தின் முன்வாசலைப் பூட்டிவைக்க முடியாது. வீட்டுக் கணினிக்கோ வெளியிலிருந்து யாரும் வரவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ஃபயர்வால் என்னும் தீச்சுவர் மென்பொருள் இந்த வசதியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் 'போர்ட்' எனப்படும் இலக்கமிட்ட வாசல்கள் 65,535 உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, 443. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445. தொலைவிலிருந்து கணினியை இயக்க 3389. தீச்சுவர் வாசலில் நின்று, உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்துவைக்கும். கேட்டதற்கு வரும் பதிலை விடும். கேட்காமல் வருவதைத் தடுக்கும்.

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' புழு காட்டியது. எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. பழுது திருத்தப்படாத விண்டோஸ் கணினி இணையத்தில் இருந்தாலே போதும், 135ஆம் வாசல் வழியாக நுழைந்தது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் எக்ஸ்பியில் தீச்சுவர் அப்போதே இருந்தது. வழக்கமாக அணைத்தே வைத்திருந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த சேர்விஸ் பேக் 2தான் அதைத் தானாக இயங்கவைத்தது. 2017 மே மாதத்தில் 150 நாடுகளுக்கு மேல் பரவிய 'வன்னாக்ரை' புழு புகுந்தது 445 வழியாக.

தீச்சுவர் இப்போது விண்டோஸிலேயே தானாக இயங்குவதால், இன்று வீட்டுப் பாவனைக்காகத் தனியாகத் தீச்சுவர் மென்பொருள் வாங்குவது, பெரும்பாலும் வீண் செலவு. விண்டோஸோடு வருவதே போதும். வீட்டு ரவுட்டரும் அழையாமல் வருபவற்றைப் பெரும்பாலும் மறித்துவிடுகிறது. ஆனால் மடிக்கணினி வீட்டிலேயே இருப்பதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக விடுதிக்கும் கண்டி நகரின் உணவகத்துக்கும் போகிறது. அங்கே ரவுட்டருக்கு உட்புறத்தில் முன்பின் தெரியாதவர்களும் இருப்பார்கள். புதிய வைஃபையில் சேர்ந்ததும் அது 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பிரைவேட்' என்றிருந்தால் அக்கம்பக்கத்துக் கணினிகள் உங்களுடையதைக் கண்டுகொள்ளலாம்.

உட்புறக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையைத் தொட்டுச்சென்ற ஒரு கதை உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள், 2 கோடி டொலரை இங்குள்ள பான் ஏசியா வங்கியில் ஒரு நிறுவனக் கணக்குக்கு அனுப்பினார்கள். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. இடையிலிருந்த டொய்ச்ச வங்கி சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்க, பணம் தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடி டொலர் தப்பவில்லை. அந்த மத்திய வங்கியில் தீச்சுவரே இருக்கவில்லை, 10 டொலர் பெறுமதியான பழைய ஸ்விட்ச்களே இருந்தன என்று விசாரித்த பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி பின்னர் சொன்னார்.

ஆனாலும் திருடர்கள் முதலில் வந்தது வேலை கேட்டு எழுதிய மின்னஞ்சல் வடிவில் என்கிறது அமெரிக்க விசாரணை. ஊழியர் தாமாகத் திறக்கும் இணைப்பைத் தீச்சுவர் தடுக்காது. வீட்டில் இதற்குச் சமமானது திருட்டு மென்பொருள். 'நிறுவும் முன் ஃபயர்வாலை அணைக்கவும்' என்று ஒரு விளையாட்டோ படத்தொகுப்பு மென்பொருளோ கேட்டால், அதை அழித்துவிடுவதே புத்தி. காவலாளியை வெளியே போகச் சொல்லும் விருந்தாளியை யார் நம்புவார்?

இன்றிரவே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து தீச்சுவர் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அதற்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன.