எரரை அழிக்கும் முன் ஒரு நிமிடம்

பத்துப் பன்னிரண்டு வயதான கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் விளக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் சின்னதாக எஞ்சின் படம். ஒருநாள் எரியத் தொடங்கும். வண்டி என்னவோ ஒழுங்காகத்தான் ஓடும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "சென்சார் எரர் சார், அழிச்சுட்டேன்" என்பார்கள். முந்நூறோ ஐந்நூறோ கொடுத்துவிட்டு வருவோம். நாலே நாளில் விளக்கு மறுபடி எரியும். அடுத்த கடையில் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அதற்கடுத்த கடையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வார்கள்.

முதல் கடையில் எரரை அழித்தபோதே பழுதைக் கண்டுபிடிக்க உதவும் தடயமும் சேர்ந்து போய்விட்டது. அந்தத் தடயம் என்ன, அதைக் கேட்டு வாங்க வண்டிக்காரருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

புகையின் அளவைக் கூட்டிவிடக்கூடிய பழுது எதையாவது கண்டால், எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் அதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டு விளக்கைப் போட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓபிடி. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் அதன் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2013க்குப் பிந்தைய கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும், எந்தச் சாதாரண ஸ்கேனரும் அதைப் படிக்கும். 2010க்கு முந்தைய வண்டியில் அதே சாக்கெட் இருந்தாலும் எல்லா ஸ்கேனரும் படித்துவிடும் என்று நம்ப முடியாது. அந்தந்த நிறுவனத்தின் கருவி தேவைப்படலாம்.

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி இயல்பாக ஓடினால், பதற்றம் வேண்டாம்; அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் கடுமையாக மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் வீடு வரைக்கும் கூட ஓட்டக் கூடாது, எஞ்சினை அங்கேயே அணைத்துவிட வேண்டும்.

இனி எண்ணுக்கு வருவோம். பி0301 என்று காட்டினால், 'பி' என்பது எஞ்சின், கியர் தொடர்பானது. அடுத்த பூஜ்யம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும். அந்த இடத்தில் 1 இருந்தால் அது அந்த நிறுவனத்தின் சொந்த எண். 3 என்பது இக்னிஷன், மிஸ்ஸிங் வகை. கடைசி 01 முதல் சிலிண்டர். இவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று எந்த எண்ணும் சொல்வதில்லை. பி0171ஐ எடுத்துக்கொள்வோம். 'கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்பதுதான் அதன் பொருள். அதைக் கவனித்துச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். பல கடைகளில் உடனே அந்தச் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து லாக்கப்பில் போடுவது போன்ற வேலை இது. உண்மையான காரணம் விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம், தளர்ந்துபோன பெட்ரோல் பம்பாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஸ்கேனரிலேயே வழி உண்டு. 'ஃப்யூயல் ட்ரிம்' என்றொரு அளவு காட்டும். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாக பெட்ரோல் விடுகிறது என்பது அது. ஐடிலில் 20 சதவீதம் காட்டி, ஆக்சிலரேட்டரை 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் பம்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்கலாம். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கெனத் தயாரிக்கப்படாத பழைய வண்டியில் இந்த அளவைச் சில சதவீதம் தானாகவே ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வண்டிக்காரரின் பர்ஸை அதிகம் பதம் பார்ப்பது பி0420தான். கன்வெர்ட்டரின் திறன் போதவில்லை என்று அதற்குப் பொருள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் முன்னாலுள்ளது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பின்னாலுள்ளது ஏறக்குறைய 0.6, 0.7இல் அசையாமல் நிற்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டு கோடுகளையும் செல்போன் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பின் சென்சாரின் கோடும் முன்னதைப் போலவே குதித்தால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று ஓரளவு நம்பலாம். அப்போதும் சைலன்சர் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேனிஃபோல்ட் பக்கத்துச் சின்ன ஓட்டை கூட இதே எண்ணைக் கிளப்பும். இந்தச் சோதனை எதையும் செய்யாமல், எண்ணைப் பார்த்த கணமே பல்லாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் போடும் கடையிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

மிஸ்ஸிங்குக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பி0301 வந்து, ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டி என்றால், முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண் பி0303 ஆனால் காயில் போய்விட்டது. எண் மாறாவிட்டால் காயிலை விட்டுவிட்டு பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை, செலவும் இல்லை.

நம் ஊருக்கே உரிய காரணங்கள் சில உண்டு. 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பி0128 எழலாம், மைலேஜும் விழும். தெரு ஓரம் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் பல மாதம் கழித்துக்கூட கனெக்டர் பச்சை பூத்து ஏதேதோ எண்கள் வரும். சோர்ந்த பேட்டரியும் பொய் எண்களைக் கிளப்பும். பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று யூடியூப் சொல்வது பெரும்பாலும் அமெரிக்க வண்டிகளுக்கான யோசனை. அங்கே டேங்க் ஆவிக் கசிவைச் சோதிப்பது கட்டாயம். ஐரோப்பிய விதியைத் தழுவிய நம் பிஎஸ்-4 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை.

இத்தனையையும் தேடத் தொடங்க ஒரு முனை வேண்டும். எரர் பதிவான நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்ற விவரம் எண்ணோடு சேர்த்துச் சேமிக்கப்படும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். எரரை அழித்தால் இதுவும் அழியும், பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் அழியும். பழுது உண்மையிலேயே சரியாகிவிட்டால் பழுதில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாகவே அணைந்துவிடும். ஆகவே அழிப்பதில் எந்த அவசரமும் இல்லை. முதலில் திரையைப் போட்டோ எடுங்கள். அல்லது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி நீங்களே படித்துக்கொண்டு போங்கள். மலிவான போலிகள் சில வண்டிகளோடு பேசாது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை: எண் என்ன, என்ன சோதனை செய்து இந்தப் பாகம் என்று முடிவுக்கு வந்தீர்கள், செலவு எவ்வளவு. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். சோதிக்கத் தனியாகப் பணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். சோதனைக்குக் காசு தர நாம் மறுப்பதால்தான் பாகத்தை மாற்றிப் பார்க்கும் வைத்தியம் வளர்ந்தது. எஸ்டிமேட்டை முன்பே முடிவு செய்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடித்த மெக்கானிக், கூலி வரும் வரை வண்டியை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். குறிப்பாகக் கன்வெர்ட்டரை. அதில் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு.

'வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும்' என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் கெட்டது எதுவோ அதற்கு மட்டும் மறுக்கலாம் என்பது அந்த உத்தரவின் நிலைப்பாடு.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த விளக்கு இன்னும் முக்கியம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது மேலே டேப் ஒட்டியிருக்கிறார்கள். எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைந்தால் ஸ்கேனரைச் செருகி, எரர் அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தக் கணக்கு இருக்கும். 'ரெடினஸ்' என்ற பக்கத்தில் சோதனைகள் முடியவில்லை என்று வரிசையாக இருந்து, கணக்கில் நாலு கிலோமீட்டர்தான் இருக்கிறது என்றால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் அழித்திருக்கிறார்கள். புரோக்கர் என்ன சத்தியம் செய்தாலும் அங்கே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புகைச் சான்று இருக்கிறதே என்று காட்டுவார்கள். பியூசி மையத்தில் பெட்ரோல் வண்டியின் சைலன்சர் குழாயில் கருவியைச் செருகிக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள், எரர் எண்ணைப் படிப்பதில்லை. அந்தச் சான்றை வைத்து எஞ்சினின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது. சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதால் அது வேண்டும், அவ்வளவே. கன்வெர்ட்டரைக் குடைந்து எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால் சட்டச் சிக்கல் வண்டிக்காரருக்குத்தான்.

ஏமாற்றப்பட்டால்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டுபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். கார் டீலரிடம் வாங்கிய பழைய வண்டிக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட டீலர்கள் 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. மோசடியாக விற்றார் என்று சிவில் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பாருங்கள். பில், எஸ்டிமேட், எரரை அழிக்கும் முன் எடுத்த போட்டோ ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அழைப்புக்குக் கட்டணமில்லை, புகாரைத் தமிழிலேயே சொல்லலாம்.