வயல் பறவைகளைப் படம் பிடிப்போம்

வயலுக்கு வரும் பறவைகளை விவசாயப் பெருமக்கள் கைப்பேசியிலேயே படம் பிடிக்கலாம். கரிச்சான், மைனா, உண்ணிக்கொக்கு ஆகியவை புழு, பூச்சிகளைத் தின்பதைப் படத்திலேயே காணலாம்.

காலை வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு வரப்பில் அசையாமல் அமர வேண்டும். பறவை தாங்கிகள் நட்ட வயலில் கரிச்சான் தானே வந்து அமரும்.

ஆனால், கூட்டை நெருங்கக் கூடாது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் பெரும்பாலும் 4 முட்டைகள் இடும். நாம் அருகில் நின்றால் அடைகாக்கும் பறவை எழுந்து கத்தும். உச்சி வெயிலில் முட்டைகள் சூடேறிக் கெடும், காக்கையும் கண்டுகொள்ளும். பறவை கத்தினால் உடனே விலகிவிடுங்கள். ஒரு படத்திற்காக, பூச்சி தின்னும் நண்பனின் குஞ்சுகளை இழக்கலாமா?