காட் மீனைத் தின்றது கடல்நாயா?

கனடாவின் கிழக்குக் கரையோரம் உள்ள தீவு நியூஃபவுண்ட்லாந்து. பல நூற்றாண்டுகளாகக் காட் மீனை நம்பியே அங்குள்ள ஊர்கள் வாழ்ந்தன. 1992 ஜூலை 2 அன்று அம்மீனைப் பிடிக்கத் தடை விதிப்பதாக அந்நாட்டு மீன்வளத்துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

மீன் எங்கே போயிற்று என்று கேட்டால், 'சீல் எனப்படும் கடல்நாய் தின்றுவிட்டது' என்பதே மீனவர்கள் பலரின் பதில். அப்படிச் சொல்லக் காரணமும் உண்டு. பனிப்பாளத்தில் பிறக்கும் வெள்ளை ரோமக் குட்டிகளைக் கொல்வதற்கு எதிர்ப்பு வலுத்ததால், 1983ல் ஐரோப்பா அவற்றின் தோலை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. வேட்டை சுருங்கியது. 1970களின் தொடக்கத்தில் 20 லட்சத்துக்கும் குறைவாக இருந்த ஹார்ப் வகைக் கடல்நாய்கள் பின்னர் 70 லட்சத்தைத் தாண்டின. கண்ணெதிரே ஒன்று பெருகி இன்னொன்று அழிந்தால் யார்தான் இரண்டையும் முடிச்சுப் போடமாட்டார்?

ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. 1968ல் மட்டும் அக்கடலில் 8 லட்சம் டன் காட் பிடிக்கப்பட்டது. பிடித்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த ராட்சத இழுவலைக் கப்பல்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே மீன்வளம் சரிந்தது. கடல்நாய்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது! 1977ல் 200 கடல் மைல் எல்லையை அறிவித்து அந்நியக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய கனடா, பிறகு தன் சொந்தக் கப்பல்களால் அதே வேலையைச் செய்தது. கடலில் உள்ள மீனின் அளவையும் அதிகாரிகள் மிகையாக மதிப்பிட்டிருந்தனர். 1990களின் தொடக்கத்தில் காட் மீனின் இரையான கேப்லின் என்ற சிறுமீனும் வீழ்ந்தது. காட் மீண்டு வராததற்குக் கடல்நாயைவிட இந்த இரைப் பஞ்சமும் மீன்பிடியும்தான் முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

அதற்காகக் கடல்நாய் எங்கும் நிரபராதி என்று நாம் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பக்கத்திலேயே உள்ள செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் நிலைமை வேறு. அங்கு உலவும் சாம்பல் நிறக் கடல்நாய்கள் உருவில் பெரியவை. வளர்ந்த காட் மீன்களையே தின்பவை. 1960களில் ஆயிரக்கணக்கில் இருந்தவை இன்று லட்சக்கணக்கில் உள்ளன. மீன்பிடியை நிறுத்திய பிறகும் அங்கு காட் தலையெடுக்காததற்கு அவையே முதன்மைக் காரணம் என ஆய்வுகள் சொல்கின்றன. அங்கும் மீன்வளத்தை முதலில் சரித்தது மனிதனின் வலைதான். மிச்சமிருந்தது சொற்பம் என்பதால்தான் கடல்நாயின் பசி பெரிதாகிவிட்டது.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாதவர்கள் வடதுருவத்தின் இனூயிட் மக்கள். கடல்நாய் அவர்களுக்கு உணவு, உடை, வருமானம். 2009ல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருட்களுக்கு விதித்த தடையில் அவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சந்தையே படுத்துவிட்டதால் அவர்களின் தோலுக்கும் விலை போனது.

நியூஃபவுண்ட்லாந்தின் காட் தடை 2024 ஜூனில் நீக்கப்பட்டது. அவ்வாண்டு அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன்.